மறுப்புக்குப் பிறகு இரண்டாவது ஸ்பவுஸ் விசா விண்ணப்பம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிரிட்டனில் வேலை செய்யும் கணவர், தஞ்சைப் பக்கம் இருக்கும் மனைவி. முதல் ஸ்பவுஸ் விசா விண்ணப்பம் 2023இல் மறுக்கப்பட்டது, இரண்டாவது 2024இல் கிடைத்தது. இரண்டாவது கோப்பைத் தயார் செய்த லண்டன் வழக்கறிஞர் அலுவலகத்தில் தமிழ் ஆவணங்களைப் பார்க்கும் வேலை என்னுடையது. இருவரின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். கட்டணங்களும் விதிகளும் அந்தந்த மாதத்தில் நடைமுறையில் இருந்தவை. இன்று விண்ணப்பிப்பவர்கள் அன்றைய தொகையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னணி

கணவருக்கு முப்பது வயதுக்குச் சற்று மேல். பிரிட்டனில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர். கிழக்கு லண்டனில் ஒரு கிடங்கில் வாரம் 32 மணி நேர வேலை. 2023 ஏப்ரலிலிருந்து சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10.42 பவுண்ட். அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 17,338 பவுண்ட் வரும். ஸ்பான்சருக்கு, அதாவது துணையைப் பிரிட்டனுக்கு அழைப்பவருக்கு, தேவையான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் அப்போது 18,600 பவுண்ட். துண்டு விழுவது 1,262 பவுண்ட்.

அந்தத் துண்டை அடைக்க அவரிடம் இன்னொரு வேலையும் இருந்தது. வார இறுதியில் ஒரு சின்னக் கடையில் ஆறு மணி நேரம், 2021இலிருந்தே. அதில் ஆண்டுக்கு 3,251 பவுண்ட். இரண்டையும் சேர்த்தால் 20,589. தேவைக்கு மேலேயே இருக்கிறது. கடைக்காரர் மாதாமாதம் பே ஸ்லிப் கொடுத்தார், வரியும் பிடித்தார். ஆனால் சம்பளத்தைக் கையில் கொடுத்தார்.

மனைவி பட்டதாரி. இரண்டு குடும்பமும் தூரத்துச் சொந்தம். 2022 நவம்பரில் பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள், பெண் பார்த்தது வீடியோ காலில். 2023 ஜனவரியில் அவர் ஊருக்கு வந்து நேரில் பார்த்தார், அதே வாரம் நிச்சயம், பிப்ரவரியில் கல்யாணம். தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதால் அதையும் முடித்துவிட்டுத்தான் அவர் லண்டன் திரும்பினார்.

முதல் விண்ணப்பம்

2023 ஜூனில், ஊரில் உள்ள ஒரு ஏஜென்ட் மூலம் விண்ணப்பித்தார்கள். கட்டணம் 1,538 பவுண்ட், மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் 1,872 பவுண்ட். ஆங்கிலத் தேர்வில் அடிப்படை நிலையான ஏ1, காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ், வீட்டு உரிமையாளரின் கடிதம் எல்லாம் ஒழுங்காக இருந்தன. படிவத்தை நிரப்பியவர் ஏஜென்ட். மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொன்னார். கணவர் லண்டனிலிருந்து ஆவணங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அனுப்பப்பட்ட படிவத்தை முழுதாக இருவரில் யாருமே படிக்கவில்லை.

இதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் படிவம் நீளமானது, கேள்விகள் ஆங்கிலத்தில் இருப்பவை, நிரப்புகிறவர் அனுபவசாலி என்று நம்பித்தான் பணம் கொடுக்கிறோம்.

மறுப்புக் கடிதம்

அக்டோபர் இரண்டாம் வாரம் கடிதம் வந்தது. வீட்டில் அதை முதலில் புரிந்துகொண்ட விதம், "கல்யாணத்தையே பொய்க் கல்யாணம்னு சொல்லிட்டாங்க" என்பது. மனைவி இரண்டு நாள் அறையை விட்டு வரவில்லை என்று அவர் அப்பா பிறகு சொன்னார். கடிதத்தைப் பத்தி பத்தியாகப் படித்தால் நிலைமை அப்படி இல்லை. மறுப்புக்கு அதில் இரண்டு காரணங்கள் இருந்தன. ஆங்கிலம், தங்குமிடம், காசநோய்ச் சான்றிதழ் மூன்றையும் அதிகாரி ஏற்றுக்கொண்டிருந்தார்.

முதல் காரணம் வருமானம். குடும்ப விசாவுக்கு எந்தெந்த ஆவணம் எந்த வடிவத்தில் வேண்டும் என்று பிரிட்டன் குடியேற்ற விதிகளில் 'அப்பெண்டிக்ஸ் எஃப்எம்-எஸ்இ' என்ற தனிப் பகுதியே இருக்கிறது. பே ஸ்லிப்பில் உள்ள சம்பளம் பேங்க் ஸ்டேட்மென்ட்டிலும் தெரிய வேண்டும் என்பது அதில் அடிப்படை விதி. கையில் சம்பளம் வாங்குவதற்குத் தடை ஏதும் கிடையாது. பே ஸ்லிப்பில் உள்ள நிகரத் தொகை அப்படியே வங்கிக்குப் போயிருந்தால், வரிக்கு முந்தைய முழுத் தொகையையும் கணக்கில் எடுப்பார்கள். இல்லாவிட்டால் வங்கியில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் வருமானம்.

கடை வேலையின் ஆறு பே ஸ்லிப்பையும் ஸ்டேட்மென்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு மாத பே ஸ்லிப்பில் மொத்தம் 271 பவுண்ட், வரி 54.20, கையில் 216.80 என்று இருக்கிறது. அந்த மாத ஸ்டேட்மென்ட்டில் 150 பவுண்ட் ரொக்கம் போட்டிருக்கிறார். அடுத்த மாதம் ஒன்றும் இல்லை. அதற்கடுத்து 100. பிறகு இரண்டு மாதம் எதுவும் இல்லை. கடைசி மாதம் மறுபடி 100. மீதி எங்கே என்று கேட்டதற்கு, "பஸ்ஸுக்கு, சாப்பாட்டுக்குன்னு கையிலயே செலவாயிடும்" என்றார். யாருக்கும் அப்படித்தான் ஆகும். ஆறு மாதத்தில் வங்கியில் தெரிந்தது 350 பவுண்ட், ஆண்டுக்கு 700. கிடங்குச் சம்பளத்தோடு சேர்த்தால் 18,038. தேவைக்கு 562 பவுண்ட் குறைவு.

கடைக்காரர் கொடுத்த கடிதமும் இரண்டு வரிதான்: இவர் இங்கே வேலை செய்கிறார், நல்லவர். எப்போதிலிருந்து வேலை, ஆண்டுச் சம்பளம் எவ்வளவு, அந்தச் சம்பளம் எப்போதிலிருந்து, நிரந்தர வேலையா தற்காலிகமா என்று விதி கேட்கும் எதுவும் அதில் இல்லை.

இரண்டாவது காரணம்தான் வீட்டாரைப் புண்படுத்தியது. கணவன் மனைவி உறவு உண்மையானது, தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அதிகாரி எழுதியிருந்தார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம் தேதிகள். படிவத்தில் 'உறவு தொடங்கிய நாள்' என்ற இடத்தில் 2022 நவம்பர் இருக்கிறது. 'முதலில் நேரில் சந்தித்த நாள்' 2023 ஜனவரி. கணவர் எழுதிய ஆதரவுக் கடிதத்திலோ, "நாங்கள் சிறு வயதிலிருந்தே ஒருவரை ஒருவர் அறிவோம்" என்று இருக்கிறது. மூன்றில் எது உண்மை?

மூன்றும் உண்மைதான். சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சிறுவர்களாக இருவரும் இருந்திருக்கிறார்கள், பெரியவர்கள் சொல்லித்தான் அவர்களுக்கே தெரியும். நவம்பரில் பேச்சு தொடங்கியது. ஜனவரியில் நேரில் பார்த்தார்கள். நம் வீடுகளில் இதை யாரும் விளக்கவே தேவையில்லை. பெரியவர்கள் பேசி முடிக்கும் கல்யாணம் படிப்படியாக நடக்கிறது, அந்தப் படிகளில் எதை 'உறவு தொடங்கிய நாள்' என்பது என்று படிவம் சொல்வதில்லை. அந்த அதிகாரி கையில் இருந்தது மூன்று வெவ்வேறு பதில்கள் மட்டுமே. கூடவே கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படங்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகான நான்கு மாதத்தைப் பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பணம் அனுப்பிய ரசீதுகள் இருந்தன, ஆனால் போன இடம் மாமனார் கணக்கு.

அப்பீலா, புது விண்ணப்பமா

வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்கு மறுப்புக் கிடைத்த நாளிலிருந்து 28 நாள் அப்பீல் அவகாசம் உண்டு. இவர்களுக்கு நவம்பர் இரண்டாம் வாரத்தோடு அது முடிகிறது. நேரில் விசாரணை வேண்டுமானால் கட்டணம் 140 பவுண்ட், ஆவணங்களை மட்டும் பார்த்து முடிவு செய்ய 80. கட்டணம் பெரிதில்லை. காலம்தான் பெரிது. விசாரணைத் தேதி வரவே பல மாதம் ஆகும்.

அப்பீல் செய்யலாமா என்று வழக்கறிஞர் அவர்களோடு பேசிய அன்று நானும் இருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அதிகாரி எழுதியதில் எது தப்பு?" உறவைப் பற்றிய பத்தியில் தப்பு இருந்தது, வாதாடலாம். வருமானப் பத்தியில் கணக்கு சரி, விதியும் சரி. உறவில் ஜெயித்தாலும் வருமானத்தில் நிற்க முடியாது. குடும்ப வாழ்க்கை உரிமையை வைத்து வாதாட வழி இருந்தாலும், குழந்தைகளோ நோயோ இல்லாத, கொஞ்ச காலம் காத்திருந்தால் சரிசெய்துகொள்ளக்கூடிய ஒரு நிலைமையில் அந்த வாதம் வலுவாக நிற்காது என்பது அவர் கணிப்பு.

சேமிப்பைக் காட்டிக் குறையை ஈடுகட்டும் வழியையும் பார்த்தோம். அதற்கு முதலில் 16,000 பவுண்ட், அதற்கு மேல், கடை வருமானத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் குறையும் 1,262 பவுண்டைப் போல இரண்டரை மடங்கு, ஆக 19,155 பவுண்ட் ஆறு மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும். கல்யாணச் செலவு முடிந்த கையோடு அவ்வளவு பணம் யாரிடம் இருக்கும்?

ஆகவே புது விண்ணப்பம் என்று முடிவானது. அக்டோபர் கடைசிச் சம்பளத்திலிருந்து கடைப் பணம் வங்கிக்கு வர வேண்டும், மார்ச் சம்பளம் வரை ஆறு பே ஸ்லிப் சேர வேண்டும், ஏப்ரல் தொடக்கத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடைக்காரர் முதலில் யோசித்தார். "பேங்க்ல போட்டா என்ன, கையில கொடுத்தா என்ன தம்பி, கணக்கு ஒண்ணுதானே" என்றாராம். கணவர் மறுப்புக் கடிதத்தையே கொண்டுபோய்க் காட்டினார். அந்த மாதமே கடைக்காரர் சம்பளத்தை வங்கியில் போட ஆரம்பித்தார். ஒருவேளை அவர் சம்மதிக்காமல் போயிருந்தால், கையில் வாங்கிய 216.80 பவுண்டை அன்றே பைசா மாறாமல் வங்கியில் போடுவது என்று மாற்று வழியையும் எழுதி வைத்திருந்தோம்.

படிவத்தில் கிடைத்த இன்னொரு விஷயம்

நவம்பரில் ஏஜென்டிடமிருந்து முதல் படிவத்தின் பிடிஎஃப் பிரதியை வாங்கினோம். 'உங்களுக்கு எந்த நாட்டு விசாவாவது மறுக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதில் இருந்தது. இரண்டாம் முறை 'ஆம்' என்று போட வேண்டும், அதுதான் இப்போது மறுத்துவிட்டார்களே. அதை எழுதும்போது, வேறு எந்த நாட்டிலாவது உண்டா என்று வழக்கத்துக்குக் கேட்டேன். மனைவி கொஞ்சம் தயங்கினார்.

"2018ல கனடாவுக்கு அத்தையைப் பார்க்கப் போறதுக்குப் போட்டோம், கிடைக்கலை. அது கனடாதானே, லண்டனுக்குத் தேவையில்லைன்னு ஏஜென்ட் அண்ணா சொன்னாரு."

இந்த வழக்கில் என்னை மிகவும் கலங்க வைத்தது இந்த இடம்தான். பணக் குறையைப் பணத்தால் சரிசெய்யலாம், சான்றுக் குறையைச் சான்றால் சரிசெய்யலாம். தவறான தகவல் கொடுத்தவர் என்ற பெயர் ஒருமுறை கோப்பில் ஏறிவிட்டால் அதை இறக்குவது மிகக் கடினம். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் இருந்தால், அது விண்ணப்பதாரருக்குத் தெரியாமல் நடந்திருந்தாலும் மறுக்கலாம் என்று அன்றைய விதி சொன்னது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவல்களைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள். கைரேகை கொடுக்கும் ஒருவர் பழைய மறுப்பு வெளியே தெரியாது என்று நம்பி இருக்கவே கூடாது.

முதல் மறுப்புக் கடிதத்தில் கனடாவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அதிகாரி கவனிக்காமல் விட்டிருக்கலாம். "அவங்களே கேட்கலை, நாமளா எதுக்குச் சொல்லணும்?" என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு அலுவலகத்தில் இரண்டாவது பேச்சே எழவில்லை. இரண்டு மறுப்பையும் 'ஆம்' என்று எழுதுவது, முதல் படிவத்தில் 'இல்லை' என்று வந்தது எப்படி என்பதை மனைவி தன் வாக்குமூலத்தில் மறைக்காமல் சொல்வது, கனடா மறுப்புக் கடிதத்தையும் இணைப்பது என்று முடிவு செய்தோம். அந்தக் கடிதம் அவருடைய பழைய மின்னஞ்சலில் கிடைத்தது. மறுப்புக்கு அதில் சொன்ன காரணம் சாதாரணமானது: ஊருக்குத் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை இல்லை என்பது. வெளியே சொல்வதற்கு வெட்கப்பட அதில் எதுவுமே இல்லை.

டிசம்பர் 4

2023 டிசம்பர் 4 அன்று பிரிட்டன் அரசு ஸ்பான்சரின் வருமான வரம்பை 38,700 பவுண்டாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. அன்று இரவு முழுக்க அழைப்புகள். இவருடைய இரண்டு வேலையையும் சேர்த்தாலே அதில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும். டிசம்பர் 21இல் அது மாறி, முதல் கட்டமாக 29,000 என்றார்கள். அதுவும் எட்டாத தொகைதான். 2024 ஏப்ரல் 11இலிருந்து அமல் என்று ஜனவரி கடைசியில் உறுதியானது. அதற்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய 18,600.

அப்பீல் அவகாசம் நவம்பரிலேயே முடிந்திருந்தது. பழைய வரம்புக்குள் நுழைய இருந்த ஒரே வாசல் ஏப்ரல் 10.

மாமனார் லண்டனுக்குத் தினமும் போன் செய்தார். "மாப்பிள்ளை, தேதி போயிடுச்சுன்னா அப்புறம் வருஷக்கணக்கா இழுத்துடும். இருக்கிறதை வச்சு இப்பவே போட்டுடுங்க." ஏஜென்டும் அதையே சொன்னார். ஒரு அப்பாவின் பயம் அது, அதில் தவறே இல்லை. ஆனால் டிசம்பரில் போட்டால் கையில் இருப்பது இரண்டு மாத வங்கிப் பதிவு. முதல் மறுப்பின் அதே பத்தி, எண்கள் மட்டும் மாறித் திரும்ப வரும். அப்படி வரும்போது ஏப்ரல் 11 கடந்திருக்கவும் கூடும்.

காத்திருந்தால் ஆபத்து வேறு. மார்ச் சம்பளம் தாமதமானால், கடை மூடினால், உடம்பு சரியில்லாமல் வேலைக்குப் போகாவிட்டால், எல்லாம் போயிற்று. இரண்டையும் எடைபோட்டு, காத்திருப்பது என்று கணவரே முடிவெடுத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது: இப்போது போட்டால் கிடைக்காது என்பது உறுதி, ஏப்ரலில் போட்டால் கிடைக்க வாய்ப்பாவது இருக்கிறது.

ஜனவரிப் பயணம்

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வரவில்லை என்று ஊரில் பேச்சு எழுந்திருந்தது. தலைப்பொங்கலுக்காவது போயே ஆக வேண்டும் என்றார். உறவுக்கான சான்று என்ற கண்ணோட்டத்தில் எங்களுக்கும் அந்தப் பயணம் தேவைப்பட்டது. ஆனால் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு ஆறு மாதச் சராசரியை வைத்துத்தான் ஆண்டு வருமானம் கணக்கிடப்படும். சம்பளம் இல்லாத லீவில் ஒரு மாதம் ஊரில் இருந்தால் சராசரி சரிந்துவிடும். மனைவியைப் பார்க்கப் போனதே மனைவியின் விசாவைக் கெடுத்துவிடும். ஆகவே இரண்டு வேலையிலும் சம்பளத்தோடு கிடைக்கும் விடுமுறை எத்தனை நாள் மீதி இருக்கிறது என்று எழுத்தில் வாங்கி, அதற்குள்ளேயே பயணத்தை அடக்கினார். மூன்று வாரம் கேட்ட மாமியார் வீட்டில் இரண்டு வாரம்தான் இருக்க முடிந்தது.

உறவுக்கான சான்று

முதலில் செய்தது ஒரே ஒரு பக்கக் காலவரிசை. சிறு வயதில் ஒரே விசேஷத்தில் இருந்தது, குடும்பங்கள் பேச ஆரம்பித்தது, வீடியோ கால், நேரில் பார்த்தது, நிச்சயம், கல்யாணம், பதிவு, ஜனவரிப் பயணம். ஒவ்வொன்றுக்கும் தேதி, ஒவ்வொன்றுக்கும் பக்க எண். பெரியவர்கள் பேசி முடித்த திருமணம் இப்படித்தான் நடக்கும் என்று மேலே நான்கு வரி. முதல் விண்ணப்பத்தில் மூன்று தேதிகள் ஏன் வந்தன என்பதும் அங்கேயே. படிவம், கணவர் கடிதம், மனைவி கடிதம் எல்லாவற்றிலும் இந்தப் பக்கத்தில் உள்ள தேதிகள்தான்.

மனைவி தன் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதினார். ஏஜென்ட் எழுதித் தந்த ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டால் அது அவர் குரலாக இருக்காது. நான் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழி, பெயர், தேதி, கையெழுத்து, தொடர்பு விவரத்தோடு இணைத்தேன். இரவு ஷிஃப்ட் முடிந்து அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போது இங்கே விடிந்திருக்கும், அப்போதுதான் தினமும் பேசுவோம் என்று அதில் ஒரு வரி. வாட்ஸ்அப் அழைப்புப் பதிவில் நேரத்தைப் பார்த்தால் அது அப்படியே பொருந்துகிறது. இத்தனை நெருக்கமான சான்றை எந்தக் கல்யாண ஆல்பமும் தராது.

உரையாடல்கள் நூற்றுக்கணக்கான பக்கம் இருந்தன. எல்லாவற்றையும் அச்சடித்துத் திணிக்க வேண்டும் என்று கணவர் நினைத்தார். மாதத்துக்கு ஒன்றிரண்டு பக்கம் போதும், ஆனால் கல்யாணத்திலிருந்து விண்ணப்பம் வரை ஒரு மாதமும் விடுபடக் கூடாது என்று தேர்ந்தெடுத்தோம். அதிகாரிக்குப் படிக்க நேரம் குறைவு. பணம் நவம்பரிலிருந்து மனைவியின் சொந்தக் கணக்குக்கே போனது. விமானச் சீட்டும் பாஸ்போர்ட் முத்திரையும் சேர்ந்தன. படங்கள் பத்துக்குள், ஒவ்வொன்றின் கீழும் யார், எங்கே, எப்போது.

கோப்பின் முகப்புக் கடிதத்தில் முதல் மறுப்பின் இரண்டு காரணங்களையும் எடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில், அதன் பக்க எண். வருமானத்தில் முன்பு குறை இருந்தது என்று நேராக ஒப்புக்கொண்டோம். முந்தைய அதிகாரியைப் பற்றிக் குறை ஒன்றும் எழுதவில்லை.

விண்ணப்பித்த வாரம்

2024 மார்ச் 29 புனித வெள்ளி, ஏப்ரல் 1 ஈஸ்டர் திங்கள், இரண்டும் வங்கி விடுமுறை. மார்ச் சம்பளம் 28ஆம் தேதிக்குள் ஏறாவிட்டால் ஏப்ரல் 2 வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் 28ஆம் தேதியே வந்துவிட்டது. ஏப்ரல் 2 அன்று வங்கிக் கிளையிலிருந்து ஸ்டேட்மென்ட், இரண்டு முதலாளிகளின் புதிய கடிதம். இம்முறை கடைக்காரரின் கடிதத்தில் விதி கேட்கும் எல்லா விவரமும் இருந்தது. காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும் என்பதால் மனைவி பிப்ரவரியிலேயே சென்னையில் மறுபடி எடுத்திருந்தார். ஆங்கிலத் தேர்வு இரண்டு ஆண்டு செல்லும், பழையதே போதுமானதாக இருந்தது.

ஏப்ரல் 4 அன்று இணையத்தில் சமர்ப்பித்துப் பணம் கட்டினார்கள். விண்ணப்பத் தேதியாகக் கணக்கில் வருவது அந்த நாள்தான், கைரேகை கொடுக்கும் நாள் அல்ல. விண்ணப்பக் கட்டணம் இம்முறை 1,846 பவுண்ட், மருத்துவக் கட்டணம் 3,105. மொத்தம் 4,951. முதல் முறையின் மருத்துவக் கட்டணம் திரும்பி வந்திருந்தது, 1,538 வரவில்லை. சமர்ப்பிக்கும் முன் கணவரும் மனைவியும் வீடியோ காலில் படிவத்தை முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை சத்தமாகப் படித்தார்கள். ஒரு முகவரியில் கதவு எண் தப்பாக இருந்ததை மனைவிதான் கண்டுபிடித்தார்.

முடிவு

நேர்காணல் வைக்கவில்லை. ஜூலையில் கடைக்காரருக்கு ஒரு அழைப்பு வந்து, இவர் அங்கே வேலை செய்கிறாரா, எவ்வளவு சம்பளம் என்று விசாரித்தார்கள். ஆகஸ்டில் விசா கிடைத்தது: 33 மாதம். கனடா மறுப்பைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. செப்டம்பரில் மனைவி லண்டன் வந்து சேர்ந்தார்.

மீண்டும் வந்தால் எதை மாற்றுவோம்

அப்பீல் செய்யாதது அன்று தெரிந்த நிலவரத்தில் சரியான முடிவே. ஆனால் இப்போது இதுபோன்ற கோப்பு வந்தால், விதி மாறும் பேச்சு காற்றில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். அப்படி இருந்தால், ஜெயிக்கும் வாய்ப்பு பாதிதான் என்றாலும் 28 நாளுக்குள் அப்பீலைப் பதிவு செய்து வைப்பதைப் பற்றித் தனியாக உட்கார்ந்து பேசுகிறோம். 2023 டிசம்பரில் இவர்கள் கையில் ஒரு அப்பீல் நிலுவையில் இருந்திருந்தால், அந்த நான்கு மாதம் இவ்வளவு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கழிந்திருக்காது.

பழைய மறுப்புகளைப் பற்றிய கேள்வியை முதல் சந்திப்பிலேயே, நாடு நாடாகப் பெயர் சொல்லிக் கேட்கிறோம். "வேறு மறுப்பு உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் பலருக்கு லண்டன் மட்டுமே நினைவுக்கு வருகிறது. முதல் விண்ணப்பத்தின் பிரதி கையில் வராமல் இரண்டாவதைத் தொடங்குவதும் இல்லை. ஏஜென்ட் பிரதி தர மறுத்தால், விண்ணப்பதாரர் பற்றிய பதிவுகளைப் பிரிட்டன் உள்துறையிடமே கேட்டுப் பெறலாம், அது அவர் உரிமை. மாதக் கணக்கு ஓடும்போது அதற்கும் நாளாகும் என்பதால், மறுப்பு வந்த வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

கடைச் சம்பளம் கல்யாணப் பேச்சு தொடங்கிய மாதத்திலேயே வங்கிக்குப் போயிருந்தால் இந்த ஓராண்டுப் பிரிவு நடந்திருக்காது. கையில் கூலி வாங்கும் எத்தனையோ பேர் லண்டனில் இருக்கிறார்கள். பெண் பார்க்கும் பேச்சு வீட்டில் எழும்போதே அவர்களிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தம்பதிக்கு அடுத்த கட்டம் 2027இல் நீட்டிப்பு. 2024 ஏப்ரல் 11க்கு முன் விண்ணப்பித்ததால், இதே துணையோடு இதே வழியில் தொடரும்வரை அவர்களுக்கு 18,600 பவுண்ட் வரம்பே பொருந்தும். ஆங்கிலத்தில் ஏ2 நிலை தேவைப்படும். மனைவி அதற்கான வகுப்பில் சேர்ந்துவிட்டார். கடைச் சம்பளம் இன்னமும் மாதக் கடைசியில் வங்கிக்கே வருகிறது.